அப்பாவின் வேட்டியும் ஒரு டின் வார்னிஷும்

முடிச்சூரில் எங்கள் தெருவில் மழைக்காலத்தில் தண்ணீர் வருமா என்று யாரும் கேட்பதில்லை, எவ்வளவு வரும் என்றுதான் கேட்பார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் கட்டில் கால் மூழ்கும் அளவுக்கு வந்தது. அந்தக் கட்டிலில்தான் அப்பா நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். நான் ஊரப்பாக்கத்தில், மூன்றாவது மாடியில், கையில் போனை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். சாதாரண நாளில் அரை மணி நேரப் பயணம். அன்று எனக்குப் படகு கிடைக்க இரண்டு நாள் ஆயிற்று. அதற்குள் அக்கம்பக்கத்தார் எப்படியோ அப்பாவை எடுத்துப்போய் எல்லாவற்றையும் முடித்திருந்தார்கள். நான் அவரைத் தொடவே இல்லை.

அதற்குப் பிறகு அம்மா அந்த வீட்டை விட்டு வர மறுத்தாள். கெஞ்சினேன். சண்டை போட்டேன். ஒரு மாதம் பேசாமல்கூட இருந்து பார்த்தேன். "நான் வந்துட்டா அவரு மட்டும் தனியா இருக்கணுமே" என்பாள். அந்த ஒரே பதிலைக் கேட்டுக் கேட்டு வந்த எரிச்சலில்தான், சரி, நீ வராவிட்டால் போ, தண்ணீர் வந்தால் தூக்கிக்கொண்டு வர ஒரு படகாவது இருக்கட்டும் என்று ஆரம்பித்தேன். படப்பையில் பிளைவுட் வாங்கினேன். சனி ஞாயிறுகளில் அம்மா வீட்டு போர்டிகோவில் அறுத்து, ஒட்டி, ஆணி அடித்தேன். பிளஸ் டூவுக்கு கெமிஸ்ட்ரி எடுக்கிறவள் படகு கட்டுகிறாள் என்று ஸ்டாஃப் ரூமில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

புரட்டாசி பிறந்தபோது மரவேலை முடிந்து வார்னிஷ் மட்டும் பாக்கி. பம்மலில் ஒரு பெயின்ட் கடைக்குப் போனேன்.

"இன்னா மேடம், கதவுக்கா கட்டிலுக்கா?" என்றார் கடைக்காரர்.

"படகுக்கு."

"படகா? தாம்பரம் பக்கம் கடலே கெடையாதே மேடம்."

"கார்த்திகையில வந்து பாருங்க."

அதன் பிறகு மனிதர் சிரிக்கவில்லை. மூன்று டின்களை எடுத்து வைத்தார். "இது பாலிஷ். பாக்க சோக்கா கீது, ஆனா தண்ணி பட்டா வெள்ளையா பூத்துடும். இது கண்ணாடி மாரி நிக்கும், மரம் உப்பிச்சின்னா விண்டுக்கினு வந்துடும். இது எண்ணெய் வார்னிஷ். காய லேட்டாவும், ஆனா மரத்தோட சேந்து வளையும். இத்தயே எடுத்துக்கங்க." முதலில் லின்சீட் என்கிற ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்க்க வேண்டும், பழைய பருத்தித் துணிதான் வேண்டும் என்றார். பாதி தீர்ந்த டின்னைத் திறந்து வைத்தால் ஆடை கட்டிவிடும், மூடியை நன்றாகத் தட்டி மூடி வெயில் படாத அறையில் வைக்க வேண்டுமாம்.

வீட்டில் வெயில் படாத அறை அப்பாவுடையதுதான். டின்னைக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். துணி கேட்டதும் அம்மா பீரோவைத் திறந்து அப்பாவின் வேட்டிகளை எடுத்து வந்தாள். நான் தயங்கினேன். அவளே நடுவில் பல்லால் கடித்து, சர்ரென்று கிழித்துக் கொடுத்தாள்.

அந்த வாரத்திலிருந்து வீடு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மதியம் மூன்று மணிக்கு அப்பாவின் அறையிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வரும். கொஞ்சம் விட்டு இன்னொன்று. அப்பா இருந்தபோது தண்ணீர் கேட்க மோதிரத்தால் கட்டிலைத் தட்டுவாரே, அதே சத்தம். சூட்டில் டின் விரிகிறது என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், நம்பவில்லை. அடுத்த வாரம் யாருமில்லாத அறையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. யார் போட்டது என்றேன். "நான்தான். அவருக்கு வேர்க்குது" என்றாள் அம்மா.

"அம்மா, என்ன பேசற?"

"தினமும் இல்லடி. நீ வர்ற அன்னிக்குத்தான் அவரும் வர்றாரு."

திங்கட்கிழமை போன் போட்டு, அம்மாவைக் காட்ட ஒரு டாக்டரிடம் நேரம் கேட்டு வைத்தேன். அந்த அறைக்குள் தனியாகப் போவதையும் நிறுத்திக்கொண்டேன். டின் வேண்டுமென்றால் அம்மாவை எடுத்து வரச் சொல்வேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை காலையில் படகின் உட்புறம் முழுக்க எண்ணெய் தேய்த்தேன். மதியம் அம்மா வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். "பைத்தியம்னுதானே நினைக்கறே? வந்து தொட்டுப் பாரு."

உள்ளே வார்னிஷ் வாடை மூக்கைத் துளைத்தது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் தலையணை மேல் என் கையை எடுத்து வைத்தாள். சூடாக இருந்தது. வெயில் சூடு இல்லை, காய்ச்சல்காரர் இப்போதுதான் எழுந்து போன சூடு. "அப்பா" என்று என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது. பயம்தான். ஆனால் கையை எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது.

பிறகு கருகல் வாடை வந்தது.

தலையணையைத் தூக்கினேன். அடியில், நான் எண்ணெய் தேய்த்துப் போர்டிகோ மூலையில் எறிந்த வேட்டித் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. அவர் வேட்டி காலில் மிதிபடக் கூடாதென்று அம்மா ஒவ்வொரு வாரமும் பொறுக்கி, எப்போதும் போல எட்டாக மடித்து, அவர் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறாள். காற்றுப் பட்டதும் நடுவிலிருந்து புகை கிளம்பியது. அள்ளிக்கொண்டு ஓடி, வாசலில் போட்டு, இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன். உஸ்ஸென்று அடங்கியது. இன்னும் சற்றுப் போயிருந்தால் கட்டிலும் டின்னும் அம்மாவும் சேர்ந்து எரிந்திருப்பார்கள்.

எண்ணெய் காய்வது என்பது ஆக்சிஜனோடு சேர்வது, சேரும்போது சூடு பிறக்கும் என்று வருஷா வருஷம் போர்டில் எழுதுகிறவள் நான். துணியை நனைத்து விரித்துக் காயப் போடச் சொல்லி டின்னிலேயே பொடி எழுத்தில் இருந்தது. அதையும் படிக்கவில்லை. எல்லாவற்றையும் அம்மாவுக்கு விளக்கினேன். எண்ணெய்தான்மா, வேறொன்றும் இல்லை என்று மூன்று தடவையாவது சொல்லியிருப்பேன்.

துண்டுகளைக் கொடியில் தள்ளித் தள்ளி விரித்தேன். சாயங்காலம் அம்மா வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். கருகிய துண்டைக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்திருந்தாள்.

"போன அன்னிக்கும் இப்படித்தான் இருந்தாரு, ஜில்லுனு" என்றாள். "சரி, நான் உன்னோட வந்துடறேன். இங்க இனிமே யாரு இருக்கா?"

நாலு வருஷமாக நான் எதிர்பார்த்த பதில். நியாயமாக எனக்கு உயிர் வந்திருக்க வேண்டும். ஆனால், நல்லா தொட்டுப் பாரும்மா, இன்னும் கொஞ்சம் சூடு இருக்கு என்று அவளிடம் பொய் சொல்லத்தான் வாய் துடித்தது.