லாரியில் ஏறாத மூட்டை

ரமலான் பிறை இருபத்தொன்று. அரபு நாட்டில், அல் ஐனில் என் தையல் கடையின் ஷட்டரைக் காலையில் தூக்கினேன். நாற்றம் முகத்தில் அடித்தது. மேல்மாடி கக்கூஸ் பைப் உடைந்து இரவெல்லாம் கடைக்குள் ஊற்றியிருக்கிறது. சீலிங் பாதி விழுந்து கிடந்தது. பெருநாளைக்குத் தைக்கக் கொடுத்த துணிகள் அத்தனையும் அதற்கடியில்.

நூற்று முப்பது பேருடைய துணி. என்னுடையது இல்லை. நம்பி ஒப்படைத்த அமானிதம்.

அன்று நான் ஒரு தப்பு செய்தேன். கடையின் ஒரு மூலையில்தான் நாங்கள் தொழுவோம். தொழுகைக்கு ஆகாத நஜீஸ் தண்ணீரில் ஊறிய துணியை வைத்துக்கொண்டு எப்படித் தொழுவது? நானும் கட்டிங் மாஸ்டர் ஹமீதும் நோன்போடு எல்லாவற்றையும் மூட்டை கட்டித் தெருவில் வைத்தோம். மேசை டிராயரில் கிடந்த நனைந்த காகிதம், பில் புக் எல்லாம் கடைசி மூட்டை. அதைக் கட்டும்போது மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அதைக் கடைக்குள்ளேயே போட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனோம். திரும்பி வந்தால் முனிசிபாலிட்டி லாரி தெருவில் இருந்ததை எல்லாம் ஏற்றிக்கொண்டு போய்விட்டது, இந்த ஒன்று மட்டும் மிச்சம். எனக்கு எரிச்சல்.

“விடுங்க காக்கா, நாளைக்குத் தூக்கிக்கலாம்” என்றான் ஹமீது. அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவான். பின்கதவுக்கு வெளியே தள்ளி வைத்தோம். பிறகு மறந்துவிட்டோம்.

கடைக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. மூன்றாம் நாள் கம்பெனி சர்வேயர் வந்தார். கடை கழுவிச் சுத்தமாக இருந்தது. சீலிங்கையும் பழுதான நான்கு மிஷினையும் எழுதினார். துணி எங்கே என்றார். குப்பையில் என்றேன். கண்ணால் பார்க்காத துணிக்குப் பணம் இல்லை என்று பேனாவை மூடினார்.

பெருநாளைக்கு முன்னால் ஜனங்கள் வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சிலர் ஏசினார்கள். அது பரவாயில்லை. ஒரு பெங்காலி தோட்டக்காரர் பில்லை நீட்டினார். ஊரில் இருக்கும் மகளுக்குத் தைக்கக் கொடுத்த பச்சைத் துணி. சொன்னேன். பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அன்று நோன்பு திறக்கும்போது எனக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தேன்.

யா அல்லாஹ், அடுத்தவர் பொருள் கழுத்தில் இருக்கும்போது என்னை மவுத்தாக்கிவிடாதே. கடனோடு சாக விடாதே என்று இவ்வளவுதான் கேட்டேன். ஐந்து வக்துத் தொழுகையிலும் இதே துஆ. பதில் வந்ததாகத் தெரியவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்தும் போனேன். மறைக்கவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பக்கத்துக் கடைக்காரர் சிவகௌரி என்ற பெண்ணை அனுப்பினார். யாழ்ப்பாணத்துக்காரர். அவர் கம்பெனி ஆள் இல்லை. நஷ்டப்பட்டவன் பக்கம் நின்று சேதத்தைக் கணக்கெடுத்துக் கம்பெனியோடு பேசுகிறவர். பணம் வந்தால் அதில் ஒரு பங்கு, வராவிட்டால் ஒன்றும் வேண்டாம் என்றார்.

“ஆரண்ணை உங்களைக் கழுவச் சொன்னது?”

“தொழணுமே, தங்கச்சி.”

“சரி. இனி என்னைக் கேக்காமல் ஒண்டையும் கழுவாதேங்கோ.”

எழுதி வைத்தது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அப்போதுதான் மூட்டை ஞாபகம் வந்தது. பின்கதவைத் திறந்தோம். வெயிலில் காய்ந்து அப்படியே கிடந்தது. பில் புக்கின் ஓரம் மட்டும் கறுத்திருந்தது.

எங்கள் தொழிலில் துணி வாங்கியதும் ஓரத்தில் சின்னத் துண்டு வெட்டிப் பில் நகலில் ஸ்டேப்ளர் அடித்துவிடுவோம். ஒருவர் துணி இன்னொருவருக்குப் போகாமல் இருக்கத்தான். இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறேன். அது அத்தாட்சி என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அவர் ஒட்டியிருந்த பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பேர், அளவு, தேதி, துண்டு.

“துணி இல்லை எண்டீங்கள். எல்லாம் இஞ்சைதானே அண்ணை இருக்கு.”

ஹமீது பக்கங்களை எண்ண ஆரம்பித்தான்.

பாலிசியையும் வாசித்தார். மற்றவர்கள் ஒப்படைத்த பொருளுக்கும் சேர்த்துத்தான் அதில் எழுதியிருக்கிறதாம். அமானிதம் என்பதை இங்கிலீஷிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். வாசிக்கத் தெரியாமல் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பிறகு ஏழு மாதம். கம்பெனி ஒரு காகிதம் கேட்கும். கொடுத்தால் வேறொன்று கேட்கும். தங்கச்சிதான் பேசினார். சர்வேயர் மறுபடி வந்து துண்டுகளை விரலால் தடவிப் பார்த்தார். கேட்டதைவிடக் குறைத்துத்தான் தந்தார்கள். தங்கச்சி பங்கு போக, துணிக்குப் போதுமானதாக இருந்தது. இரண்டு மிஷின் இன்னும் வாங்கவில்லை.

பில் நம்பர்படி ஒவ்வொருவரையும் கூப்பிட்டுத் தீர்த்தேன். தோட்டக்காரர் லீவு முடிந்து கடைசியாக வந்தார். அதே பில்லை, அதே மடிப்போடு எடுத்து நீட்டினார். புக்கில் இருந்த துண்டை வைத்து அதே பச்சையில் துணி வாங்கித் தைத்து வைத்திருந்தேன். விரித்துப் பார்த்தார். “அச்சா” என்றார். புக்கில் அவர் பில் நகலின் மேல் ஒரு கோடு இழுத்தேன்.

நான் துஆ கேட்டது பெருநாளை ஒட்டி. மூட்டை லாரியில் ஏறாமல் நின்றது அதற்கு முன்னால். எரிச்சல்பட்டேனே, அதுதான் பதில். நான் கேட்பதற்கு முன்பே அல்லாஹ் அதைப் பின்கதவில் வைத்துவிட்டான்.

இப்போது வேலை நடுவில் பாங்கு கேட்டால் கத்தரியைக் கீழே வைத்துவிடுகிறேன். முன்பெல்லாம் இந்த ஒன்றை முடித்துவிட்டு என்பேன். அன்று அப்படி முடித்திருந்தால் அந்த மூட்டையும் லாரியில் போயிருக்கும்.

கஷ்டத்தில் இருக்கிறவர்கள் கேளுங்கள். அலுத்தாலும் கேளுங்கள். கேட்டுவிட்டு உங்கள் பின்கதவையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். அல்ஹம்துலில்லாஹ்.