சின்னப்பொண்ணு விரட்டிய பறவை

கல்வராயன் மலையில் சின்னப்பொண்ணுவின் தொண்டைக்குப் பயப்படாத குருவி கிடையாது. சாமை கதிர் பிடித்துவிட்டால் காவல் பரணில் ஏறி அவள் போடும் கூச்சலில் பக்கத்துக் கொல்லைகளும் காவல் இல்லாமலே பிழைத்துக்கொள்ளும். இந்தத் தொண்டையைக் கட்டிக்கொண்டு காலம் தள்ளுகிறேனே என்று அவள் வீட்டுக்காரன் சின்னப்பையன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

எண்பத்தேழில் சங்கராபுரத்து அறிவியல் வாத்தியார் தெய்வசிகாமணி பறவை பார்க்க மலைக்கு வந்தார். அவருடைய படப் புத்தகத்தில் ஒன்றைத் தொட்டுக் காட்டினாள் சின்னப்பொண்ணு. கௌதாரி உருவம், சிவந்த கால், நெற்றியில் வெள்ளைக் கோடு. அந்த இனமே அழிந்து நூறு வருஷம் ஆகிறது என்றார் வாத்தியார்.

"இன்னா சார் சொல்றீங்க? நேத்துகூட சாமைக் கொல்லைல தொரத்தினனே."

ஊரே சிரித்தது. சின்னப்பையன்தான் ஜாஸ்தி சிரித்தான். கௌதாரியைப் பார்த்துவிட்டுக் கதை விடுகிறாள் என்றான். மற்றவர்கள் சிரித்ததை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கட்டினவனே நம்பவில்லையே என்பதுதான் சுருக்கென்றது.

வாத்தியார் மறுநாளே இறங்கியிருப்பார். ஆனால் கீழே இடஒதுக்கீடு கேட்டு மறியல். ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள், பஸ் ஓடவில்லை. வந்தது வந்தோம் என்று அவரும் பரணில் ஏறி அவளோடு உட்கார்ந்தார். பொழுது கிளம்பும் நேரத்தில் கொல்லை மூலையில் சாமைப் பயிர் அசைந்தது. சிவந்த கால் ஒன்று வெளியே வந்தது. அவர் தூரக்கண்ணாடியைக் கண்ணில் வைப்பதற்குள் சின்னப்பொண்ணுவின் வாய் பழக்கத்தில் திறந்துகொண்டது. அவள் போட்ட சத்தத்தில் அந்த மூலையே காலியாகிவிட்டது.

வாயைப் பொத்திக்கொண்டு அழுதே விட்டாள். வாத்தியாருக்கோ சிரிப்பு அடங்கவில்லை. செங்கால் ஒன்றைத்தான் பார்த்தேன், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாதம்மா என்று சமாதானம் சொல்லி, ரோடு திறந்ததும் இறங்கிப் போனார். வாத்தியாரே பார்க்கவில்லை, இவள் பார்த்தாளாம் என்று சின்னப்பையனுக்குப் பேச்சு இன்னும் வசதியாகிவிட்டது.

அடுத்த வருஷத்திலிருந்து அந்த மூலைப் பக்கம் மட்டும் அவள் கத்துவதில்லை. குருவிகள் அங்கே விருந்து சாப்பிட்டன. சின்னப்பையன் தலையில் அடித்துக்கொண்டான். அப்படி ஒருநாள் விடியலில் கூழ் கொண்டுவந்தவன், பரணில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கிளிக்கூட்டம் ஒன்று நடுக்கொல்லையில் இறங்கியது. விரட்டுவதற்கு அவள் வாயைத் திறந்தாள். அவன் கை சட்டென்று அவள் வாயைப் பொத்தியது.

"கத்தாதடி," என்றான் ரகசியமாக. "மூலைல நிக்குது பாரு, நெத்தில கோடு போட்டுக்கினு."

அன்றைக்குக் கிளிகள் வயிறு முட்டத் தின்றுவிட்டுப் போயின.