லைட்டக்காவின் சிவப்பு முட்டைகள்

தவக்காலம் முழுக்கச் சேர்த்த வெங்காயச் சருகை அகலப் பாத்திரத்தில் கொட்டி, தண்ணீர் ஊற்றி, அடுப்பில் ஏற்றுகிறார் லைட்டக்கா. தண்ணீர் முதலில் தேன் நிறமாகிறது; பிறகு செங்கல் நிறம்; கொதிக்கக் கொதிக்கத் துருவின் சிவப்பு. ஒரு கரண்டி வினிகர். விடிந்தால் ஈஸ்டர். அதற்குள் முப்பது முட்டைகள் சிவக்க வேண்டும்.

அந்தப் பெயர் வேலையிடத்தில் ஒட்டிக்கொண்டது. குஞ்சு பொரிப்பகத்தின் இருட்டறையில், அடைவைத்த ஏழாம் நாள் முட்டைகளை ஒவ்வொன்றாக விளக்கின்மேல் வைத்துப் பார்ப்பது அவர் வேலை. உள்ளே சிவப்புப் புள்ளியும், சிலந்திக் கால்போல நரம்பும் தெரிந்தால் உயிர். வெளுத்துக் கிடந்தால் வெறும் முட்டை, கழித்துவிட வேண்டும். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இன்றும் நரம்பைப் பார்த்தால் "அடேயப்பா!" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வார். இதுவரை ஒன்றுகூட அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை. கழித்ததில் முப்பதை இந்த ஒரு நாள் மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

அங்கே பல தேசத்துப் பெண்கள். பக்கத்து மேசைக்காரி ஊரில் சிவப்பு என்றால் ஆண்டவர் ரத்தம். இரண்டு முட்டையை மோதி உடைத்தால் கல்லறை திறந்ததாக அர்த்தம். எதிர் மேசைக்காரிக்கு அது வசந்தகாலப் புத்தாண்டின் அடையாளம். "உங்க கோயிலுக்கு முன்னாடியே நாங்க முட்டைக்குச் சாயம் பூசிட்டோம்" என்பாள். மேற்பார்வையாளர் ஊரிலோ முயல்தான் முட்டை கொண்டுவருமாம். "முக்கி முக்கிப் போடுறது கோழி, பேரு மட்டும் முயலுக்கா? நல்லா இருக்குய்யா நியாயம். எங்க வீட்டு ஆம்பளைங்க மாதிரியே!" என்று அவரிடமே சொல்லிச் சிரிப்பார் லைட்டக்கா.

லைட்டக்காவுக்குப் பிடித்த கதை வேறு. அந்தக் காலத்தில் நாற்பது நாளும் முட்டையைத் தொடமாட்டார்கள். நோன்பு முடியும்போது வீடெல்லாம் குவிந்து கிடக்கும். "கோழிக்கு நோன்பு தெரியுமா? அது பாட்டுக்குப் போட்டுட்டே இருந்திருக்கு பாரேன்" என்று ஒவ்வொரு வருஷமும் புதிதாகக் கேள்விப்பட்டவர்போல வியப்பார்.

முட்டையின் இரு முனையிலும் ஊசியால் துளையிட்டு, ஊதி உள்ளிருப்பதை வெளியேற்றுவார். வெற்று ஓடு சாயத்தில் மிதக்கும். தட்டைக் கவிழ்த்து அமுக்க வேண்டும். குத்தும் முன் ஒவ்வொன்றையும் டார்ச்சில் ஒரு தடவை பார்ப்பது பழகிப்போன கையின் வேலை.

"ஆபீஸ் முடிஞ்சும் ஆபீஸாம்மா?" மேசைக்கு எதிரே மகள். பிரசவத்துக்கு வந்தவள் அல்ல, பயத்தில் வந்தவள். இரண்டு தடவை எட்டாவது வாரத்தில் தங்காமல் போனது. இப்போது மூன்றாவது, ஏழு வாரம். செவ்வாய்க்கிழமை ஸ்கேன். வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

பதினேழாவது முட்டை. ஊசி அந்தரத்தில் நின்றது.

"என்னம்மா?"

"விளக்க அணைடி."

இருட்டில், டார்ச்சின்மேல், முட்டை ஆரஞ்சாக எரிந்தது. நடுவே தலைமுடியைவிட மெல்லிய சிவப்பு இழை. அதன் முனையில் ஒரு புள்ளி. மூச்சை அடக்கிப் பார்த்தால், துடித்தது.

"அடேயப்பா..." என்றார். "இல்லைன்னு ஒதுக்கினேனேடி. நான்தான், இந்தக் கையாலதான். மத்தியானத்துலேர்ந்து குளிர்ல கெடந்திருக்கு. ஆனா பாரேன், இருக்கு!"

மகள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எனக்கும் ஒரு தடவ லைட் அடிச்சுப் பாரேம்மா" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "சும்மா இல்லம்மா. நிஜமாத்தான் கேக்குறேன். இருக்குமா?"

லைட்டக்கா டார்ச்சை மேசையில் வைத்தார். சாயம் கொதித்துக்கொண்டிருந்த அடுப்பை அணைத்தார். முட்டையைத் துணியில் சுற்றி மார்போடு வைத்து, கம்பளிச் சட்டையின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டார். பொரிப்பகம் இருபது நிமிஷ நடை.

கதவைக் காலால் தள்ளித் திறந்துகொண்டு வெளியே போனார். இரண்டு கைகளும் மார்பின்மேல் இருந்தன.