மாமாவுக்கு இருந்த வல்லமை

படித்தவர்களோடு ஒரே வீட்டில் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதைப் பத்து வயதிலேயே தெரிந்துகொண்டவள் நான். அதிலும் பாதி படித்துவிட்டுத் திரும்பி வந்தவர் என்றால் கேட்கவே வேண்டாம். அம்மாவின் தம்பி, எனக்கு மாமா, மலைக்குக் கீழே சமவெளியில் ஓர் இறையியல் கல்லூரியில் ஆயர் படிப்புக்குப் போயிருந்தார். மூன்று வருஷம் ஒழுங்காகப் படித்தவர், கடைசி வருஷத்தின் நடுவில் ஒரு பையோடு குன்னூரில் வந்து இறங்கினார். லீவு என்றார், பத்து நாள் என்றார். பத்து நாள் முடிந்து, ஈஸ்டருக்கு முந்திய லெந்து காலமும் தொடங்கிவிட்டது. மாமா நகர்வதாக இல்லை.

எங்களுடையது தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்கான லைன் வீடு. முன்னால் ஓர் அறை, பின்னால் சமையல்கட்டு, அவ்வளவுதான். முன்னறையில் இருந்த ஒரே கட்டில் என்னுடையது. வீட்டுப்பாடம் எழுதுவதும் தூங்குவதும் கோபித்துக்கொண்டு குப்புறப் படுப்பதும் அதில்தான். மாமா வந்த அன்றே அது மாமாவின் கட்டிலாகிவிட்டது. கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, நெஞ்சின் மேல் ஒரு தடித்த புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கிடப்பார். கல்லூரியிலிருந்து போன் வந்தால் அதைத் தலையணைக்கு அடியில் தள்ளி, அதன் மேலேயே தலையை வைத்துக்கொள்வார். கீழே அது உறுமும். மேலே இவர் பக்கத்தைப் புரட்டுவார். தரையில் பாயில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் ஏன் வந்தார் என்பதும் எனக்கு அரைகுறையாகத் தெரியும். பயிற்சிக்குப் போன கிராமத்தில் காய்ச்சலில் கிடந்த ஒரு குழந்தைக்காக இவரை ஜெபிக்கச் சொன்னார்களாம். இவரும் தலையில் கை வைத்து ஜெபித்தாராம். குழந்தை பிழைக்கவில்லையாம். அம்மா இதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் தணிந்த குரலில் சொன்னபோது நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். எனக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. எங்கேயோ ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததற்கு இங்கே என் கட்டில் ஏன் பறிபோக வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

இதற்கிடையில் அம்மாவின் வலது கை மேலே எழும்பாமல் போயிற்று. ஒருநாள் காலையில் தலைக்குத் துண்டு கட்டப் போனவள் பாதியில் நின்றுவிட்டாள். தோளுக்கு மேல் கை போகவில்லை. கொழுந்து வெட்டும் கத்தரியை நீட்டிப் பிடிக்க முடியவில்லை, மூட்டையைத் தலையில் ஏற்ற முடியவில்லை. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, தோள் இறுகிவிட்டது, சரியாக மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். மாதக்கணக்கு லீவெல்லாம் எஸ்டேட்டில் கிடையாது. ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை வேலைக்கு வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டுப் போனார். பெயர் போனால் வீடும் போகும். அப்பா எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே இறந்துவிட்டார். வேலையும் வீடும் அம்மாவின் பெயரில்தான் இருந்தன.

அம்மா கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. அவளிடம்தான் மருந்து கைவசம் இருந்ததே, அதுவும் கம்பளி போர்த்திக்கொண்டு.

"ஏன்டா தம்பி, ஒருக்கா கை வெச்சு ஜெபம் பண்ணேன். அந்த வல்லமைய ஆண்டவர் உனக்குத்தானே குடுத்திருக்காரு."

சரி என்று சொல்லிக் கையை வைத்தால் இரண்டு நிமிஷ வேலை. மாமா எழுந்து உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் கிரேக்க தேசத்திலிருந்து ஆரம்பித்தார்.

வல்லமை என்று நாம் சும்மா சொல்லிவிடுகிறோமாம். கிரேக்க ஞானிகள் அதைக் குடைந்து குடைந்து யோசித்திருக்கிறார்களாம். ஒரு பொருளுக்குள் அடங்கிக் கிடக்கும் வல்லமை வேறு, அது செயலில் இறங்கி நிற்பது வேறாம். தூங்குகிற கொத்தனாரும் கொத்தனார்தானாம், வீடு கட்டும் திறமை அவனுக்குள் இருக்கத்தான் செய்கிறதாம், ஆனால் வீடு எழும்பவில்லையாம். நம் வேதத்தை எழுதியவர்களும் அந்தக் கிரேக்கப் பாஷையில்தான் எழுதினார்களாம், அதே சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார்களாம். ஆனால் இவர்கள் சொன்ன வல்லமை மனுஷனுக்குள் முளைப்பதில்லையாம். மேலேயிருந்து வருவதாம். வந்தால் உண்டு, வராவிட்டால் நாம் சட்டையைப் பிடித்துக் கேட்க முடியாதாம். ஆகவே தன்னிடம் வல்லமை இருக்கிறது என்று எவனாவது சொன்னால் அவன் கிரேக்கனுமில்லை, கிறிஸ்தவனுமில்லை என்று முடித்தார்.

அம்மா இடது கையால் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டு, புரிந்ததைப்போலத் தலையாட்டினாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"அந்தக் கொத்தனார எந்திரிச்சு வேலைக்குப் போகச் சொல்லுங்க மாமா," என்றேன்.

அம்மா என்னை முறைத்தாள். மாமா, இதுவும் யோசிக்க வேண்டிய கேள்விதான் என்று சொல்லிவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார்.

இப்படியே ஒரு மாதம். அம்மா கேட்பாள், மாமா விளக்குவார். தினம் தினம் விளக்கம் நீண்டதே தவிர கை நீளவில்லை. பக்கத்து வீட்டு அக்காதான் காலையில் எனக்குத் தலைபின்னி விடுவார். அவர் இழுக்கிற இழுப்பில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும். பின்னலின் ஒவ்வொரு முடிச்சிலும் மாமாவைத் திட்டிக்கொண்டே நிற்பேன்.

லெந்து நாட்களில் எங்கள் லைனில் ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். முறை வைத்து வரும். எங்கள் வீட்டு முறை கடைசியில் வந்தது. வேலை முடிந்து வந்தவர்கள் கைகால் கழுவிக்கொண்டு, ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்து பாயில் நெருக்கி உட்கார்ந்தார்கள். கூட்டத்தை நடத்தும் சபை உபதேசியார் கதவோரம் நாற்காலியில். மாமா என் கட்டிலின் மூலையில், சுவரில் ஒட்டினாற்போல். இரண்டு பாட்டுப் பாடி முடிந்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து மனப்பாட வசனம் சொல்ல வேண்டும். என் முறை வந்தது. ஒரு வசனம் படித்துத்தான் வைத்திருந்தேன். எழுந்து நின்றதும் எதிரே மாமாவின் முகம் தெரிந்தது. வசனம் போன இடம் தெரியவில்லை.

"எங்கம்மாவுக்குக் கை தூக்க வரலீங்க. எங்க மாமாவுக்கு வல்லமை இருக்குதுங்க. இப்ப அவரு கை வெச்சு ஜெபம் பண்ணுவாருங்க," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

உபதேசியார் சந்தோஷமாக, "வாங்க தம்பி," என்றார். எல்லாரும் நகர்ந்து வழிவிட்டார்கள். மாமா என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். வெளிறிப்போய் எழுந்தவர், மெதுவாக வந்து அம்மாவுக்குப் பின்னால் முழங்கால் போட்டு, அவள் வலது தோளில் கையை வைத்தார்.

வைத்தார், அவ்வளவுதான். சத்தமே இல்லை. எங்கள் லைனில் ஜெபம் என்றால் நாலு வீடு தள்ளிக் கேட்கும். இவரோ வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கடைசியில் "ஆண்டவரே" என்றார். மேற்கொண்டு வரவில்லை. மறுபடியும் "ஆண்டவரே" என்றார். அதோடு நின்றுவிட்டார். யாரோ இருமினார்கள். இத்தனை பேர் முன்னால் நிறுத்தியும் இந்த மனுஷன் ஒரு ஜெபத்தை முழுசாகச் செய்ய மாட்டேன் என்கிறாரே என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

அப்போது அம்மா கையைத் தூக்கினாள். மெதுவாக, மார்பு தாண்டி, தோள் தாண்டி, காதை ஒட்டி நேராக மேலே. கண்களை மூடியிருந்தாள், முகம் சிரித்த மாதிரி இருந்தது. அந்தக் குளிரில் மேல் உதட்டில் வியர்வை அரும்பியிருந்தது. ஸ்தோத்திரம் என்று ஒருவர் ஆரம்பிக்க, அறையே சேர்ந்து சொன்னது. மாமா மட்டும் சொல்லவில்லை. தோளிலிருந்து கையை எடுக்காமல் பக்கவாட்டில் எட்டித் தன் அக்காவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஜெபிக்க ஆரம்பித்தார். தடங்கலில்லாமல், எங்கள் எல்லாருக்காகவும், வெகுநேரம். சுண்டலும் தேத்தண்ணியும் கொடுக்க எழுந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. செய்து முடித்தவளே நான்தான் என்று நினைப்பு.

மறுநாள் காலையில் சீப்பை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன். இனி அந்த அக்காவிடம் தலையைக் கொடுக்க வேண்டாமே. அம்மா வலது கையை மடியோடு அணைத்து வைத்துக்கொண்டு அடுப்பருகில் உட்கார்ந்திருந்தாள். ராத்திரி தூங்கியவள் முகம் அது இல்லை. அக்காகிட்டப் போ சாமி என்றாள்.

"நேத்து அத்தன பேரு முன்னாடி தூக்குனியே? எனக்குப் பின்னறதுக்கு மட்டும் வலிக்குதா?"

"சத்தம் போடாத. மாமா மொதல்ல பஸ் ஏறட்டும்."

முன்னறையில் மாமா பையில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. சீப்பை எறிந்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டேன். மத்தியான பஸ்ஸில் மாமா போய்விட்டார். கட்டில் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை அம்மா வேலைக்குப் போனாள். அவளுக்கு ஒதுக்கிய தேயிலைச் செடி நிரையையும் சேர்த்துப் பக்கத்து வீட்டு அக்கா வெட்டினார். மூட்டையை யாராவது மாற்றி மாற்றித் தூக்கினார்கள். வீடு பிழைத்தது. தோள் ஒரு வருஷம் வரை அவளைப் படுத்திவிட்டு, மெல்ல மெல்லத் தளர்ந்தது. எனக்கு மட்டும் ஆத்திரம் ஆறவில்லை. ஜெபக்கூட்டத்தில் போய்ப் பொய் சொன்னாளே என்று பல வருஷம் அம்மாவைக் குத்திக்காட்டிக்கொண்டே இருந்தேன். அவள் ஒரு தடவைகூடப் பதில் சொன்னதில்லை. தம்பிக்காகத்தான் அந்தப் பாடு பட்டாள் என்பது நானாக யோசித்துப் புரிந்துகொண்டது. அப்போது எனக்குக் கல்யாணமே ஆகியிருந்தது.

மாமா இப்போது கோத்தகிரிப் பக்கம் ஒரு சபையில் ஆயர். போன வருஷம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கிரேக்கப் பேச்சு இன்னும் விடவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வல்லமையைப் பற்றி ஆரம்பித்தார். பழைய எரிச்சல் அப்படியே ஏறிவந்தது. யோசிக்காமல் போட்டு உடைத்துவிட்டேன்.

"அன்னைக்கு அம்மாவுக்கு ஒண்ணும் சரியாகலீங்க மாமா."

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை.

"தெரியும். என் கை அவங்க தோள் மேலதானே இருந்துச்சு. உள்ள கிழியற மாதிரி நடுங்குச்சு. அப்பவும் அவங்க நிறுத்தல."

"பின்ன எதுக்குத் திரும்பிப் போனீங்க?"

"அக்கா அவ்வளவு தூரம் தூக்குன பிறகு நான் எப்படிப் படுத்துக் கிடக்கறது?"

அப்புறம், இது எனக்குத் தெரியும் என்று அக்காவிடம் சொல்லிவிடாதே, அவர்கள் மனசு சங்கடப்படும் என்றார். ஊருக்குத் திரும்பியதும் அம்மா என்னைத் தனியாக அழைத்து, பேச்சுவாக்கில் மாமாவிடம் எதையும் உளறிவிடவில்லையே என்று கேட்டாள். இல்லை என்றேன். இத்தனை வருஷமாக ஒருவருக்குத் தெரியாது என்று மற்றவர் காத்துவருகிற இந்த ரகசியத்தை நடுவில் நான் சுமக்க வேண்டியிருக்கிறது. இவர்களை என்னதான் செய்வது?

அன்று சாயங்காலம் அந்த அறையில் வல்லமை யாருக்கு இருந்தது என்று கேட்டிருந்தால், மாமாவுக்கு என்று சுண்டலை நீட்டிக்கொண்டே சொல்லியிருப்பேன். மறுநாள் காலையில் கேட்டிருந்தால், ஒருவருக்கும் இல்லை, எல்லாம் பொய் என்று கத்தியிருப்பேன். இரண்டுமே தப்பு என்று அந்தப் பத்து வயதுக்குத் தெரியவில்லை.