ஓடையில் கலந்த நீலம்

எண்பதுகளின் தொடக்கம். பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளி போகும் பஸ்ஸில் போய், பாதி வழியில் இறங்கி மேட்டில் ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். டிஸ்பென்சரியில் உதவியாளாக இருந்த என்னிடம் புதிதாக ஒரு வேலையைக் கொடுத்திருந்தார்கள். மேலிருந்து வரும் ஓடைத் தண்ணீர் நிறைந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குக் குடிநீராகப் போகும் தொட்டியில், தண்ணீரின் தரத்தைக் காட்டும் கருவி ஒன்றைப் பரீட்சார்த்தமாகப் பொருத்தியிருந்தார்கள். தண்ணீருக்குள் ஒரு கம்பி, வெளியே ஒரு பெட்டி, அதில் ஒரு முள். கம்பியில் படியும் பாசியை மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, முள் எங்கே நிற்கிறதென்று பார்க்க வேண்டும். முள் ஏறினால் தண்ணீரில் ஏதோ கரைந்திருக்கிறது என்று அர்த்தம். லயத்தில் எல்லோரும் என்னை "மிசின் புள்ள" என்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஒருநாள் பின்னேரம் முள் விறுவிறுவென்று ஏறியது. கம்பியில்தான் அழுக்கோ என்று துடைத்தேன். இறங்கவில்லை. கம்பியை எடுத்து மழைத்தண்ணீரில் வைத்தேன், சட்டென்று இறங்கியது. அப்படியானால் கோளாறு தண்ணீரில்தான். கருவியைப் பார்க்கப் பதுளையிலிருந்து வந்திருந்த அதிகாரி, "வா, மேல போய்ப் பாப்போம்" என்று ஓடையோரமாக நடந்தார். எனக்கு உற்சாகம். யாரோ வசமாக அகப்படப் போகிறார்கள்!

வளைவில் திரும்பினோம். தேயிலைக்கு அடிக்கும் மருந்து டாங்கியைக் கவிழ்த்து, ஒருவர் ஓடைக்குள் நின்று கழுவிக்கொண்டிருந்தார். அவர் காலைச் சுற்றித் தண்ணீர் நீலமாக ஓடியது.

"யாரும்மா இந்த ஆளு?" என்றார் அதிகாரி.

"எங்க அப்பா, சார்."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அதிகாரி சத்தம் போட்டார். அப்பா நீலக் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "ஓடுற தண்ணிதானுங்களே, போயிரும்னு நெனச்சேன். கழுவ வேற எடமும் இல்லீங்க" என்றார்.

தொட்டிக் குழாயை உடனே மூடினோம். ஆனால் லயத்தில் அதற்குள் தண்ணீர் பிடித்திருப்பார்கள். நான் வீட்டுக்குள் ஓடி ஒளிந்துகொள்ளத்தான் நினைத்தேன். அப்பாவோ நேரே லயத்தின் முதல் வீட்டுக் காம்பராவின் வாசலில் போய் நின்றார்.

"மருந்து டாங்கிய ஓடையில கழுவிட்டேன். நாந்தான். புடிச்ச தண்ணியக் கொட்டிருங்க, புள்ளைங்களுக்குக் குடுத்துராதீங்க."

அடுத்த வாசலிலும் அதையே சொன்னார். அதற்கடுத்த வாசலிலும். சிலர் ஏசினார்கள். ஒரு அக்கா நிறைகுடத்தை அவர் காலடியிலேயே கவிழ்த்துவிட்டு, "மகளுக்குத் தண்ணியப் பாக்குற வேலை, அப்பனுக்குக் கெடுக்குற வேலையா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். தலை நிமிராமல் அப்பாவின் பின்னால் நடந்தேன். மண் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டாங்கி கழுவ ஓடைக்கு எட்டத்தில் ஒரு குழி வெட்டச் சொல்லிவிட்டுப் போனார் அதிகாரி. வீடு திரும்பும்போது அப்பா மெதுவாக, "ஒன் மிசினு சொல்லலைன்னா நாளைக்கும் அங்கதான கழுவியிருப்பேன். நல்லாப் பாத்துக்க அத" என்றார்.

அன்று அவரால் எனக்கு வந்த வெட்கம் சில நாளில் போய்விட்டது. ஊரே ஏச வாசல் வாசலாக அவர் நின்றபோது நான் தலை குனிந்து நடந்தேனே, அந்த வெட்கம்தான் இன்னும் போகவில்லை.