மில்லிமீட்டரின் ஒரு மீட்டர்

நிலம் அளப்பதே பிழைப்பாக இருந்த அந்த மனிதருக்கு ஊர் வைத்த பெயர் மில்லிமீட்டர். அவரோ அதைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அது கிண்டல் என்று யாரும் அவருக்கு விளக்கவில்லை. விளக்கப் போனால் அரை நாள் பிடித்துவைத்துப் பாடம் நடத்துவார், அதற்கு யாரிடம் பொறுமை இருக்கிறது?

வேலையில் ஆள் கெட்டிக்காரர்தான், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். சரிவான நிலத்தில் டேப்பைத் தரையோடு இழுத்தால் நீளம் கூடிவிடும் என்று, துண்டு துண்டாக மட்டம் பிடித்து அளப்பார். நீண்ட சாலை என்றால் சக்கரம் உருட்டுவார். ஆற்றுக்கு அக்கரை என்றால் ஒளி பாய்ச்சி அளக்கும் கருவியை முக்காலியில் ஏற்றிவிட்டு ராஜா மாதிரி நிற்பார். வேலித் தகராறில் எவனாவது ஒரு சாண் நகர்த்தியிருந்தது தெரிந்தால் போதும், திருட்டுப் பயலே என்று தெருவே கேட்க ஏசுவார்.

அவர் மனைவி தையற்காரி. கல்யாணமான நாளிலிருந்து கூடத்து மூலையில் உட்கார்ந்து தைத்தவர். வெட்டுவதற்குத் துணியைத் தரையில் விரித்தால் யாராவது அழுக்குக் காலோடு மிதித்துவிட்டுப் போவார்கள். அதனால் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை எடுப்பது என்று முடிவானபோது, நாலு மீட்டர் அறை தையலுக்கு, மூன்று மீட்டர் அறை அவர் ஆபீசுக்கு என்று பேச்சு. நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தச் சுவருக்கு முளை அடித்தவர் சாட்சாத் மில்லிமீட்டரேதான். டேப்பைத் தொட வந்த கொத்தனாரை, "உன் கையில குடுத்தா சுவரு அடுத்த தெருவுல போய் நிக்கும்யா" என்று விரட்டிவிட்டார்.

பூச்சு முடிந்து வெள்ளையடித்த பிறகு, துணி வெட்டுவதற்கு மூன்றேகால் மீட்டரில் மேசை செய்துகொண்டு வந்தார் தச்சர். மேசை எந்தப் பக்கமும் அடங்கவில்லை. கடைசியில் கோபித்துக்கொண்டு படுத்த மாப்பிள்ளை மாதிரி மூலைவாட்டாகக் கிடந்தது. தையல் மிஷின் வைக்க இடமே இல்லை.

"ஏம்ப்பா, கண்ணை எங்க வெச்சுக்கிட்டு அறுத்தே?" என்று மில்லிமீட்டர் ஆரம்பித்தார்.

தச்சரின் முகம் செத்துவிட்டது. "அக்கா சொன்ன அளவுதாண்ணே..."

மனைவி கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து மேசையை அளந்தார். சரியாக இருந்தது. பிறகு சுவரோரம் குந்தி அறையை அளக்கத் தொடங்கினார்.

"அது துணி டேப்பும்மா, அதை நம்ப முடியாது."

"ஊரு சட்டையெல்லாம் இதுலதான் சரியா வருது. சும்மா இருங்க. மூணு மீட்டர்." எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது. "இது நாலு."

மில்லிமீட்டர் நடுச்சுவரைப் பார்த்தார். ஆபீஸ் அறை விசாலமாக இருக்கிறதே என்று அவரும் பூரித்துப்போய்த்தான் இருந்தார். வெள்ளையடித்ததால் அப்படித் தெரிகிறது என்று நினைத்தார், மகாபுத்திசாலி!

மனைவி வாசற்படியில் வந்து நின்றார். "வேலியை நகர்த்தினவனையெல்லாம் திருடன்னு ஏசுறீங்க. என் ரூம்ல ஒரு மீட்டர் எடுத்துக்கிட்டீங்களே, உங்களை என்னன்னு சொல்றது? ஏங்க, கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?" குரல் உடைந்துவிட்டது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வீட்டு வேலைதானே என்று எடுத்து வந்தது தலை அறுந்த பழைய டேப். முதல் மீட்டரே கிடையாது. ஒன்றில் பிடித்து, முடிவில் ஒன்றைக் கழிக்க வேண்டும். நாலு மீட்டருக்கு ஐந்தில் முளை அடித்திருக்க வேண்டியவர், கொத்தனாரை ஏசும் சுவாரசியத்தில் நாலிலேயே அடித்துவிட்டார். உதவியாள் எவனாவது இதே தப்பைச் செய்தால் அவர் ஆடும் ஆட்டம் ஊருக்கே தெரியும். இப்போது தச்சர் வேறு வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார். ஒத்துக்கொண்டால் சாயங்காலத்துக்குள் ஊரே சிரிக்கும். ஆமாம், வேண்டுமென்றுதான் எடுத்தேன் என்று சொல்லிவிட்டால் மானமாவது மிஞ்சும். சொல்ல வாயைத் திறந்தும் விட்டார். எதிரே மனைவியின் கண்கள் நிறைந்திருந்தன.

"எடுக்கலம்மா. தப்புப் பண்ணிட்டேன்."

"பொய்! நீங்களாவது தப்புப் பண்றதாவது?"

"ஐயோ, சத்தியமா!" ஓடிப்போய் டேப்பைக் கொண்டுவந்தார். தச்சரை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, அறையில் மண்டியிட்டு அளந்து காட்டினார். "இங்க பாரு, ஒண்ணுலேருந்து ஆரம்பிச்சிருக்கேன். கழிக்க மறந்திருக்கேன். நான் எப்பேர்ப்பட்ட மடையன்னு நீயே பாரும்மா!"

"நம்புங்கக்கா," என்றார் தச்சர் உருக்கமாக. "அண்ணன் மடையன்தான்."

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மேசையைத் தூக்கி ஆபீஸ் ரூம்ல போடுங்க. இனிமே உங்க ஆபீஸ் இந்தச் சின்ன ரூம்தான்."

"அதை விடு. என்னை நம்பறியா இல்லியா?"

"முதல் வார்த்தையிலயே நம்பிட்டேன்."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு நேரம் மண்டிபோட வெச்சே?"

"கல்யாணம் ஆனதுலேருந்து உங்க வாயிலேருந்து தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை வந்ததே இல்லீங்க. கேக்க நல்லாயிருந்துச்சு," என்றார். "தச்சர்கிட்டயும் ஒரு தடவை சொல்லிடுங்க."

மேசையின் கனமான பக்கத்தைத் தூக்கியபடியே மில்லிமீட்டர் அதையும் சொன்னார்.