நாலு கோடு போட்ட கார்

ஆடி அமாவாசையன்று காலை ஆறே முக்காலுக்கு நல்லூரிலிருந்து கீரிமலைக்குப் புறப்பட்டோம். ஏறக்குறையப் பதின்மூன்று மைல். என் ஐயாவின் பிதிர்க்கடனுக்கு வழக்கமாகச் சைக்கிளில் போகிறவன், இம்முறை என் சகலன் சிவஞானத்தின் புதுக் காரில் போனேன். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், மலாயாவில் உத்தியோகம். ஒன்பது வருஷம் கழித்து லீவில் வந்தவன், வந்த கையோடு கார் வாங்கிவிட்டான். பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து நான் வாங்கியது ஒரு சைக்கிள். மறைப்பானேன், அந்தத் தோல் இருக்கையில் உட்கார்ந்தபோது எனக்கு வயிறு எரிந்தது. வாய்க்கு வாய் "அண்ணை" என்று அவன் அழைத்தது எரிச்சலைக் கூட்டியது.

அவன் அப்பு என்றழைக்கும் தகப்பனார் இறந்தபோது அவன் மலாயாவில் இருந்தான். அவருக்கு அவன் எள்ளுந் தண்ணீரும் இறைக்கப்போவது இதுதான் முதல் தடவை. வெள்ளிக்கிழமை திரும்பவும் கப்பல் ஏறுகிறான். பஞ்சாங்கப்படி அமாவாசை பதினொன்று நாற்பது வரைதான்.

ஏழு மணி. இணுவிலில் ஒரு மாட்டுக்கு விலத்தப்போய், இடப்பக்கப் பின்சில்லு மதகுக் கல்லில் மோதியது. பின்புறம் சரிந்து, மட்காட் ரயரில் உரச, நொண்டி நொண்டி மருதனார்மடம் சந்திக்கு வந்து சேர்ந்தோம். அங்கே வில்லு வண்டி திருத்தும் கந்தையரின் பட்டறை இருந்தது.

பனங்குற்றி முட்டுக்கொடுத்துக் காரைத் தூக்கி, பின் அச்சைத் தாங்கும் வில்லைக் கழற்றினார் கந்தையர். தகடு ஒன்று முறிந்திருந்தது. தகடுகளை ஊடுருவி நிற்கும் நடு ஆணியும் அறுந்திருந்தது. வண்டித் தகடு ஒன்றை வெட்டிப் போட்டு, தகடுகளைச் சுற்றிப் பிடிக்கும் பட்டியை இறுக்கினார்.

"ஆணி வேண்டாமோ?" என்று சிவஞானம் கேட்டான்.

"பட்டி பிடிக்கும் தம்பி. எத்தினை வண்டிக்குப் போட்டனான்."

ஒன்பதேகால். கார் புறப்பட்டது, ஆனால் நண்டு நடையில். நான் பின்னால் நின்று செம்மண் புழுதியைப் பார்த்தேன். இரண்டு கோடு விழவேண்டிய இடத்தில் நாலு கோடு. நடு ஆணி இல்லாமல் பின் அச்சு ஒருபக்கம் பின்னுக்கு நழுவியிருக்கிறது என்று உடனே விளங்கியது. சைக்கிளின் பின்சில்லைக் கிழமைக்கொருதரம் நேராக்குகிறவனுக்கு இது தெரியாதா? மாட்டு வண்டிக்கு ஒரே அச்சு. ஒரு விரற்கடை முன்னே பின்னே இருந்தாலும் காட்டாது. கந்தையரின் பிழை அதுதான்.

நான் வாயைத் திறக்கவில்லை. மலாயாக்காரன் கொஞ்சம் முழிக்கட்டும் என்றிருந்தது.

கந்தையர் திரும்பவும் வில்லைக் கழற்றி இன்னொரு தகடு மாற்றினார். சிவஞானம் வெள்ளை வேட்டியோடு காருக்கடியில் கிடந்தான். பார்க்க எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பத்தே முக்காலுக்கும் அதே நடைதான்.

கிறீஸ் படிந்த முகத்தோடு அவன் வந்தான். "அண்ணை, நீங்கள் பஸ்ஸிலை போங்கோ. உங்கடை ஐயாவின்ரை காரியம் பிந்தக்கூடாது. நான் ஏலுமெண்டால் வாறன்."

அப்போதுதான் அச்சு விலகியிருப்பதைச் சொன்னேன். கந்தையர் தும்புக்கயிற்றால் முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையே இரு பக்கமும் அளந்தார். இடப்பக்கம் ஒன்றரை விரற்கடை கூடுதல்.

"ஓம் ஐயா, உது எனக்குப் பிடிபடேல்லை," என்று சொல்லி, புது ஆணி போட்டு அச்சை நேராக்கினார்.

கார் அதன்பிறகு நூல் பிடித்தமாதிரி ஓடியது. கீரிமலைக் கேணியடிக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. ஐயர் தர்ப்பையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "அமாவாசை கழிஞ்சு போச்சே," என்றார்.

சிவஞானம் கேணிப் படியில் குந்திவிட்டான். எனக்கு அடுத்த மாசமும் அமாவாசை வரும், அடுத்த ஆடியும் வரும். அவனுக்கு வெள்ளிக்கிழமை கப்பல்.

மூன்று மணிக்குத் திரும்பப் புறப்படும்போது சாவியை என் கையில் வைத்தான்.

"நான் போனாப்பிறகு கார் உங்களோடை நிக்கட்டும் அண்ணை. ஓட்டப் பழகுங்கோ. வாற ஆடிக்கு இதிலை வந்து, எங்கடை அப்புவுக்கும் சேர்த்து ஒரு கை எள்ளுத்தண்ணி விடுங்கோ. நீங்கள் கண்டுபிடிச்சிராட்டில் கார் இப்பவும் பட்டறையிலைதான் கிடக்கும்."

வாங்கிக்கொண்டேன். ஒன்பதேகாலுக்கே கண்டுவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.